குளவியைக் கேட்க மறந்த கதை

தம்பி தங்கைகளே, குளவி என்றதும் மலையகத்துப் பிள்ளைகளுக்கு என்ன ஞாபகம் வரும்? கொழுந்து பறிக்கப் போன அம்மாமார் கூடையைப் போட்டுவிட்டு ஓடியதும், பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலும்தான். அதனால், "ஒரு குளவி நம் தேயிலையைக் காப்பாற்றியது" என்று நான் சொன்னால், "சும்மா போங்க!" என்பீர்கள். ஆனால் உண்மையாகவே நடந்த கதை இது. அந்தக் குளவியை மனிதர்கள் மறந்துபோனதும் நடந்ததுதான்.

அந்தக் கதையைச் சொல்ல உங்களைத் தலவாக்கலையில் ரயில் ஏற்றி, பட்டிப்பொல வரை கூட்டிப்போகிறேன். டிக்கெட் வேண்டாம். வாசித்துக்கொண்டே வாருங்கள்.

கொட்டாத குளவி

தலவாக்கலையில், சென்கூம்ஸ் தோட்டத்தில், தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. 1925ஆம் ஆண்டு தொடங்கிய நிறுவனம் அது. அந்தக் காலத்தில் தோட்டங்களை ஒரு புழு ஆட்டிப்படைத்தது. இலைசுருட்டிப் புழு என்று வைத்துக்கொள்வோம். அது பட்டுப் போன்ற நூலால் இரண்டு மூன்று இலைகளைச் சேர்த்துத் தைத்துவிடும். அந்த இலைக் கூட்டுக்குள் ஒளிந்திருந்து, இலையையே தின்னும். நாம் பறிக்க வேண்டிய கொழுந்து அதன் சாப்பாடாகிவிடும்.

விஞ்ஞானிகள் ஜாவாத் தீவின் பக்கம் பார்த்தார்கள். அங்கே இந்தப் புழுவுக்கு ஓர் இயற்கை எதிரி இருந்தது. மக்ரோசென்ட்ரஸ் என்ற சின்னஞ்சிறு குளவி. மனிதரைக் கொட்டாது, கூட்டமாகச் சேர்ந்து கூடு கட்டவும் செய்யாது. இதன் பெண் குளவி புழுவைத் தேடிப் போய், அதன் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். பொரித்து வரும் குளவிக் குஞ்சுகள் புழுவை உள்ளேயிருந்தே தின்று வளரும். புழு செத்துவிடும், புதிய குளவிகள் பறக்கும். அவை அடுத்த புழுவைத் தேடிப் போகும்.

1935, 1936ஆம் ஆண்டுகளில் இந்தக் குளவியை ஜாவாவிலிருந்து கொண்டுவந்து நம் தேயிலை மலைகளில் விட்டார்கள். அது நன்றாகப் பரவியது. புழுத் தொல்லை அடங்கியது. பிரட்டுக்கு வராத, பெயர் போடாத, நாட்சம்பளம் கேட்காத ஒரு தொழிலாளி தோட்டம் தோட்டமாக வேலை செய்துகொண்டிருந்தது!

அடுத்து 1950களுக்கு வருவோம். இப்போது தொல்லை தந்தது வேறொரு பூச்சி. ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர் நீளமுள்ள கறுப்பு வண்டு. தேயிலைக் கிளையில் குண்டூசி நுழையும் அளவில் துளை போட்டு உள்ளே போகும். அங்கே சுரங்கம் தோண்டும். சுரங்கச் சுவரில் ஒரு வகைப் பூஞ்சையைப் பயிரிட்டு, அதையே தன் குஞ்சுகளுக்கு உணவாகக் கொடுக்கும். வண்டுகளிலும் விவசாயி உண்டு, பார்த்தீர்களா! வண்டுக்கு அந்தச் சுரங்கம் வீடு. ஆனால் துளை விழுந்த கிளை பலமிழந்து ஒடிந்துவிடும்.

இந்த வண்டைக் கொல்ல டீல்ட்ரின் என்ற பூச்சிநாசினியைத் தெளித்தார்கள். வண்டு குறைந்தது. ஆனால் அடங்கிக் கிடந்த இலைசுருட்டிப் புழு திடீரென்று பெருகியது. தேயிலைக்கு வந்த புழு எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. அது எப்போதும் அங்கேதான் இருந்தது. அதை அடக்கி வைத்திருந்த குளவி, வண்டுக்காகத் தெளித்த மருந்தில் செத்துப்போயிருந்தது.

மருந்து தெளிக்கத் திட்டமிட்டவர்கள் நல்ல கேள்விகளைக் கேட்டிருந்தார்கள். வண்டு சாகுமா? தேயிலைச் செடிக்குக் கெடுதல் வருமா? ஆனால் ஒரு கேள்வியை விட்டுவிட்டார்கள்: இந்த மலையில் வேறு யார் யார் இருக்கிறார்கள்? டீல்ட்ரினுக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. அது எளிதில் அழியாது. மண்ணில் பல வருடங்கள் தங்கும். விலங்குகளின் கொழுப்பில் சேர்ந்து, ஒன்றை ஒன்று தின்னும்போது மேலும் மேலும் கூடும். 2001ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில், உலகம் ஒதுக்க வேண்டிய முதல் பன்னிரண்டு நச்சுகளில் ஒன்றாக அதைச் சேர்த்தார்கள்.

ஒரு பாலம் கட்டுவது வடிவமைப்பு. வீடு கட்டுவதும் வடிவமைப்பு. எந்த மலையில் எந்த மருந்தை எப்போது தெளிப்பது என்று முடிவெடுப்பதும் வடிவமைப்புத்தான். நாம் திட்டம் போட்டுச் செய்கிற எதுவும், யாருக்காகச் செய்தோமோ அவரோடு நிற்பதில்லை. அது குளவியையும் தொடும், மண்புழுவையும் தொடும், ஆற்றின் மறுமுனையில் இருப்பவரையும் தொடும். இன்று உலகெங்கும் வடிவமைப்பாளர்கள் பேசுகிற பெரிய விஷயங்களில் இதுவும் ஒன்று: மனிதருக்கு மட்டுமல்லாமல், பூமியின் எல்லா உயிருக்கும் சேர்த்துத் திட்டம் போடுவது எப்படி?

ஜன்னல் ஓரம் வாருங்கள்

ரயில் நானுஓயாவை நோக்கி வளைந்து வளைந்து ஏறுகிறது. வெளியே தேயிலை மலை. பச்சைப் பசேலென்று இருப்பதால் அதை இயற்கை என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு செடியும் மனிதர் வைத்தது. இடுப்பளவு உயரம்கூடக் கவ்வாத்து வெட்டி உண்டாக்கியது. விட்டுவிட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும்!

இந்த மலைகளில் முதலில் இருந்தது காடு. பிறகு கோப்பி வந்தது. 1870களில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கும் மேல் கோப்பி நின்றது. ஆனால் 1869ஆம் ஆண்டே கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறப் பொடி தெரியத் தொடங்கியிருந்தது. அது கோப்பித் துரு என்ற பூஞ்சை நோய். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இங்கிலாந்திலிருந்து வந்து இதை ஆராய்ந்தார். பூஞ்சையின் வித்துகள் காற்றில் பறந்து பரவுவதைக் கண்டுபிடித்தார். இடையில் காடே இல்லாமல், மலை மலையாகக் கோப்பியை மட்டுமே நட்டிருந்ததால் வித்துக்குத் தடையே இருக்கவில்லை. ஒரு செடியில் விழுந்தால் அடுத்த செடி, அடுத்த மலை, அடுத்த தோட்டம். கோப்பி அழிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

ஒரே பயிரை இடைவெளியில்லாமல் நடுவது நமக்கு வசதி. நோய்க்கு அதைவிட வசதி.

இப்போது தேயிலைக்கு நடுவே நிற்கும் மரங்களைப் பாருங்கள். உயரமான சவுக்கு மரம் காற்றைத் தடுக்கிறது, நிழல் தருகிறது. முருக்கு மரத்தின் வேரில் சிறுசிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றுக்குள் வாழும் பக்டீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துப் பசளையாக மாற்றும். கிளையை வெட்டிப் போட்டால் இலை மக்கி மண்ணுக்குப் போகும். கண்ணுக்குத் தெரியாத பக்டீரியாவையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்ட நல்ல திட்டம் இது.

மலையில் குறுக்காக ஓடும் கான்களையும் கவனியுங்கள். அவை செங்குத்தாகக் கீழே இறங்குவதில்லை. சரிவைச் சுற்றி, மிக மெதுவான சாய்வில் போகும். சில கான்களின் உள்ளே அடுத்தடுத்துக் குழிகள் இருக்கும். ஓடிவரும் மழைநீர் ஒவ்வொரு குழியிலும் தங்கி, மண்ணை அங்கே படியவிட்டு, பிறகு அடுத்த குழிக்குப் போகும். மண் மலையிலேயே நிற்கும். ஆற்றுக்குத் தெளிந்த தண்ணீர் போகும். தாத்தாமார் கான் வெட்டிய வேலை, மீனுக்கும் சேர்த்துச் செய்த வேலை!

கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிய மலையில் என்ன செய்வார்கள் தெரியுமா? உடனே புதுக் கன்று வைப்பதில்லை. குவாத்தமாலாப் புல்லை அல்லது மானாப் புல்லை நட்டு, ஒன்றரை இரண்டு வருடம் விடுவார்கள். புல்லின் வேர்கள் இறுகிய மண்ணைத் தளர்த்தும். வெட்டிப் போடும் புல் மக்கி, மண்ணில் வாழும் உயிர்களுக்கு உணவாகும். ஒரு தேக்கரண்டி நல்ல மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை பிழைத்தால்தான் அடுத்த ஐம்பது வருடத்துக்குத் தேயிலை பிழைக்கும். இரண்டு வருடக் கொழுந்தை விட்டுக்கொடுப்பது அதற்காகத்தான்.

மேகத்தைப் பிடிக்கும் காடு

அம்பேவல தாண்டியாயிற்று. இதோ பட்டிப்பொல! இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம். கடல் மட்டத்திலிருந்து 6,226 அடி. குளிருகிறதா? சால்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

இங்கே தேயிலையைவிட மரக்கறித் தோட்டங்கள்தான் கண்ணில் படும். கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு. அதற்கு அப்பால் காடு. இங்கிருந்து ஒரு பாதை ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறது. அந்தப் பாதையிலேயே தொட்டுப்பொல மலையும் இருக்கிறது.

சுற்றிலும் இவ்வளவு காடு வெட்டப்பட்டபோது இந்த உச்சிக் காடு மட்டும் எப்படித் தப்பியது? 1873ஆம் ஆண்டு ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடக்கூடாது என்று பிரித்தானிய அரசுக்கு ஆலோசனை சொன்னார். அரசும் அப்படியே உத்தரவு போட்டது. மலை உச்சியில் காடு இருந்தால்தான் கீழே தண்ணீர் இருக்கும் என்பதே அதன் காரணம்.

அது எப்படி என்று பார்ப்போம். இங்கே மழை பெய்யாத நாளிலும் மேகம் தரையோடு உரசிக்கொண்டு போகும். மேகத்தில் இருப்பவை மிக மிகச் சிறிய நீர்த்துளிகள். அவை வெறும் தரைக்கு மேலே மிதந்து கடந்துபோய்விடும். மரம் இருந்தால் இலையிலும் பாசியிலும் மோதி ஒட்டிக்கொள்ளும். துளியும் துளியும் சேர்ந்து கனத்துச் சொட்டும். பாசி பஞ்சைப் போல நீரைப் பிடித்து வைத்து, மெதுவாக விடும். மழைமானியில் பதிவாகாத தண்ணீரும் இப்படி மண்ணுக்குள் போகிறது.

ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்திலிருந்து மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் நீர் போகிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. அங்கே மூதூரில் வயல் செய்யும் ஒரு விவசாயி, பட்டிப்பொலவை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் இந்தக் காட்டுப் பாசி அவருக்காகவும் வேலை செய்கிறது.

ஹூக்கர் சொன்னது தண்ணீருக்காக. அதனால் பிழைத்ததோ எத்தனையோ உயிர்! மூக்கின் நுனியில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று இந்த மலைகளில் இருக்கிறது. உலகத்தில் வேறு எந்த நாட்டிலும் அது இல்லை. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சிவனொளிபாத மலைக் காட்டோடும் சேர்ந்து, யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம் பிடித்தது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பச்சையாக நிற்பதெல்லாம் இந்தக் காடு ஆகிவிடாது. வழியில் பைனஸ், யூகலிப்டஸ் மரங்களை வரிசையாக நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல விறகுக்கும் பலகைக்கும் நட்டவை. பாசியும் பன்னமும் நூறு வகைச் செடியும் பின்னிக் கிடக்கும் காட்டின் வேலையை அவற்றால் செய்ய முடியாது.

தாவத் தெரியாத தேவாங்கு

இந்தக் காட்டில் ஒரு கூச்சக்காரர் இருக்கிறார். மலைநாட்டுத் தேவாங்கு. பெரிய உருண்டைக் கண், அடர்ந்த ரோமம், இரவில்தான் நடமாட்டம். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக எவர் கண்ணிலும் படாததால், அழிந்தேபோனது என்று நினைத்தார்கள். 2002இல் மறுபடி தென்பட்டது. 2010இல்தான் அதன் தெளிவான படங்கள் உலகத்துக்குக் கிடைத்தன.

தேவாங்கு குரங்கு போலத் தாவாது. ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டே அடுத்த கிளையை எட்டும். ஆகவே காட்டின் நடுவே ஓர் அகலப் பாதை போட்டால் நமக்கு அது வழி. தேவாங்குக்கு அது சுவர்.

இதற்கு என்ன செய்வது? தமிழ்நாட்டில் ஆனைமலையில் வால்பாறை என்ற ஊர் இருக்கிறது. நம் ஊரைப் போலவே தேயிலைத் தோட்டம், தோட்டத் தொழிலாளர், இடையிடையே துண்டு துண்டாகக் காடு. அங்கே சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்குகள் ரோட்டைக் கடக்கும்போது வாகனத்தில் அடிபட்டன. அதனால் ரோட்டுக்கு மேலே, மரத்துக்கு மரம், பாலம் கட்டினார்கள். தீயணைப்பு வண்டியின் பழைய குழாய்த் துணிகூட அதற்குப் பயன்பட்டது. குரங்குகள் அதில் ஏறி நடக்கப் பழகிக்கொண்டன.

அங்கே யானைகளும் தோட்டம் தோட்டமாகக் கடந்துபோகும். இருட்டில் வேலை முடிந்து வரும் ஒருவர் எதிர்பாராமல் யானை முன்னால் போய் நின்றால் ஆபத்து. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் விஞ்ஞானி ஆனந்தகுமாரும் குழுவினரும் ஒரு வழி செய்தார்கள். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று மக்களின் கைப்பேசிக்குச் செய்தி போகும். முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்குக் கம்பங்கள் உண்டு. யானை வந்தால் ஊரில் பொறுப்பான ஒருவர் தன் கைப்பேசியிலிருந்தே விளக்கை எரியவிடுவார். தூரத்திலிருந்தே அதைப் பார்த்து மக்கள் நின்றுவிடுவார்கள். யானையையும் விரட்டவில்லை, ஆட்களையும் ஊரைவிட்டுப் போகச் சொல்லவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இந்த வேலைக்காக ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது.

சுருக்குக் கம்பி யாரையும் கேட்காது

இனி ஒரு துக்கமான செய்தி. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம், தோட்டமொன்றின் மரக்கறிப் பாத்தி அருகே கட்டிய சுருக்குக் கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. மிக அரிதான விலங்கு. காப்பாற்றிச் சிகிச்சை கொடுத்தும் சில நாளில் இறந்துவிட்டது. அந்தக் கம்பி சிறுத்தைக்குக் கட்டியதல்ல. இப்படிப்பட்ட கம்பிகளைப் பெரும்பாலும் காட்டுப் பன்றிக்குத்தான் கட்டுவார்கள்.

பன்றி ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் கிழங்குப் பாத்தியை உழுதுபோட்டுவிடும். அந்தக் குடும்பத்தின் கவலையும் உண்மையான கவலை. எல்லா உயிருக்கும் சேர்த்துத் திட்டம் போடுவது என்றால், அந்தக் குடும்பத்தையும் சேர்த்துத்தான். ஆனால் வேலி வேறு, சுருக்கு வேறு. வேலி எல்லாரையும் வெளியே நிறுத்தும். சுருக்கு வருகிறவர் யாரென்று பார்க்காமல் பிடிக்கும். பன்றியைத் தின்று அதன் தொகையைக் குறைக்கும் சிறுத்தையையே பிடித்துவிட்டால், நஷ்டம் யாருக்கு? டீல்ட்ரினும் குளவியும் இங்கே மறுபடியும் வந்துவிட்டன, கவனித்தீர்களா? ஊரார் சேர்ந்து பாத்திகளைச் சுற்றிப் பொதுவான பலமான வேலி போட உதவி கிடைத்தால், கிழங்கும் தப்பும், சிறுத்தையும் தப்பும்.

மூன்று கேள்விகள்

எதைச் செய்யத் திட்டமிட்டாலும் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: தண்ணீர் எங்கே போகும்? மழை பெய்தால் இந்த இடத்து நீர் எந்த வழியாக, எதை அள்ளிக்கொண்டு, யார் வீட்டுப் பீலிக்குப் போய்ச் சேரும்?

இரண்டு: இது யாருடைய வழி, யாருடைய வீடு? பகலில் மட்டும் பார்த்தால் போதாது. இரவில் வருபவர்களும் இருக்கிறார்கள்.

மூன்று: இதன் வேலை முடிந்த பிறகு இது என்ன ஆகும்? மக்கி மண்ணாகுமா, அப்படியே கிடக்குமா? ஹோர்ட்டன் சமவெளி நுழைவாயிலில் நம் பையைத் திறந்து பார்த்து, பொலித்தீனை எடுத்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். சிலருக்கு அது கரைச்சலாகத் தெரியும். மூன்றாவது கேள்வியைக் கேட்டவர்களுக்கு ஏனென்று புரியும்.

நீங்களும் செய்து பாருங்கள்

ஒரு பெரிய தாளில் உங்கள் பாடசாலை வளவை வரையுங்கள். மழை பெய்யும் நாளில் நீர் ஓடும் வழியை நீலக் கோடு போட்டுக் காட்டுங்கள். எறும்பு வரிசை, சிலந்தி வலை, குருவிக் கூடு, தவளை இருக்கும் ஈர மூலை எல்லாவற்றையும் குறியுங்கள். குளவிக் கூட்டைக் கண்டால் கிட்டே போகாமல், பெரியவர்களிடம் சொல்லிவிட்டுத் தூரத்திலிருந்தே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மனிதர் செய்த ஒரு பொருளை மட்டும் தெரிவு செய்யுங்கள்: விடிய விடிய எரியும் வெளி விளக்கு, கைகழுவும் குழாயின் கான், வேலி, குப்பைக் குழி, எதுவானாலும் சரி. அதனிடம் மூன்று கேள்விகளையும் கேட்டு, பதிலைப் படத்தின் கீழே எழுதுங்கள். ஒரு சின்ன மாற்றமாவது உங்களுக்குத் தோன்றும்.

அந்தப் படத்தை வகுப்புச் சுவரில் ஒட்டி வையுங்கள். பாடசாலையில் புதிதாக ஏதாவது கட்டவோ வெட்டவோ பேச்சு வந்தால், கூச்சப்படாமல் அதிபரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். "சேர், இங்கே இவங்களும் இருக்காங்க" என்று காட்டுங்கள். குளவியால் கூட்டத்துக்கு வந்து பேச முடியாது. அதற்காகப் பேச உங்களால் முடியும்.